லேபர் காண்ட்ராக்டா, முழு காண்ட்ராக்டா?

பிளான் பாஸ் ஆகி வந்த அன்றே வீட்டில் டைல்ஸ் பேச்சு ஆரம்பித்துவிடும். ஒருவருக்குப் பளிச்சென்று வெள்ளை வேண்டும், இன்னொருவருக்கு அழுக்குத் தெரியாத நிறம் வேண்டும். ஊரிலிருந்து வந்த மாமா, அடுப்படி அக்னி மூலையில்தான் இருக்கிறதா என்று பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்தக் கலகலப்பு வேண்டியதுதான். வீடு கட்டுகிற சந்தோஷத்தில் பாதி இதில் இருக்கிறது. ஆனால் டைல்ஸ் ஒட்டும் நாளுக்கு இன்னும் பல மாதம் இருக்கிறது. வானம் தோண்டுவதற்கு முன்பே முடிவாக வேண்டியது ஒன்று உண்டு: வேலையை எந்த முறையில் கொடுப்பது?

தமிழ்நாட்டில் சொந்தமாக வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றில் போகிறார்கள். கொத்தனார், சித்தாள்களை நாள் சம்பளத்துக்கு வைத்துக் கட்டுவது ஒன்று. சதுர அடிக்கு இவ்வளவு கூலி என்று மேஸ்திரியிடம் பேசிவிட்டு சிமெண்டு, கம்பி, மணல், செங்கல் எல்லாவற்றையும் நாமே வாங்கித் தரும் லேபர் காண்ட்ராக்ட் இரண்டாவது. சாமானும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு ஒரே ரேட் பேசி ஒப்படைப்பது முழு காண்ட்ராக்ட். எது மலிவு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, காலை ஒன்பது மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் சைட்டில் உங்கள் தரப்பில் யார் நிற்பார்கள் என்பது. அந்தக் கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்ல முடிந்தால் ஒரு வழி. முடியாவிட்டால் வேறு வழி.

நாள் சம்பளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய வீட்டில் ஓர் அறையை இடித்துக் கட்டுவது, ஒழுகும் மாடியைச் சரிசெய்வது போன்ற வேலைகளை முன்கூட்டியே அளந்து ரேட் பேச முடியாது. அவற்றுக்கு இதுதான் சரி. முழு வீட்டுக்கு இது ஒத்துவராது. வேலை எத்தனை நாள் நீண்டாலும் சனிக்கிழமை சம்பளம் நின்றபாடில்லை. வேகமாக முடிக்க யாருக்கும் காரணமும் இல்லை. குடும்பத்திலேயே ஒரு கொத்தனார் இருந்தால் மட்டும் இதை யோசிக்கலாம்.

லேபர் காண்ட்ராக்டுக்குத்தான் நம் ஊர்களில் மவுசு அதிகம். ஒப்பந்தக்காரரின் லாபம் மிச்சம், சாமான் நம் கண் முன்னால் வருகிறது, தரம் நம் கையில் என்பார்கள். மூன்றும் உண்மை. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இப்படித்தான் கட்டினார். வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கையில் ஒரு நோட்டு. வந்த மூட்டை எத்தனை, உடைத்த மூட்டை எத்தனை, ஆள் எத்தனை என்று அன்றன்றைக்கு எழுதிவிடுவார். "அஞ்சு மூட்டைனு சொன்னீங்க, காலி சாக்கு நாலுதானே மேஸ்திரி இருக்கு?" என்பார். "ஒண்ணுல சித்தாளு பொண்ணு தலைக்குச் சும்மாடு கட்டியிருக்குங்க ஐயா" என்று பதில் வரும். ஐயா எழுந்து போய்ச் சும்மாட்டைப் பார்த்துவிட்டு வந்து நோட்டில் குறித்துக்கொள்வார். பதினோரு மணி டீயும் வடையும் அவர் செலவு. அந்த வீட்டுச் சுவர் ஒன்றுகூடத் தூக்குக்குண்டுக்கு விலகவில்லை.

இந்த முறைக்குத் தேவையான ஆள் அப்படிப்பட்டவர்தான். அவர் இல்லாத வீட்டில் என்ன நடக்கும்? ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது போன் வரும்: "சார், நாலு மூட்டை குறையுது, ஆளுங்க சும்மா நிக்கிறாங்க." கடைக்காரர் வண்டி மத்தியானத்துக்குப் பிறகுதான் என்பார். அந்த அரை நாள் போனதற்கு மேஸ்திரி பொறுப்பில்லை, சாமான் தரவேண்டியவர் நீங்கள். வீணாவதும் இதில் அதிகம். சிமெண்டுக்குக் காசு கொடுக்காதவருக்கு, சாப்பாட்டு வேளைக்கு முன் கலந்த கலவை இறுகிப்போனால் நஷ்டமில்லை.

லேபர் காண்ட்ராக்டில் இறங்குகிறவர்கள் சாமான் வாங்கும்போது சில கணக்குகளைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். கம்பியைக் கடைக்குக் கடை கிலோ ரேட்டிலும் பீஸ் ரேட்டிலும் சொல்வார்கள். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பிக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள முழுக்கம்பி சுமார் 10.66 கிலோ இருக்க வேண்டும். இந்த அளவுக் கம்பிக்கு இந்தியத் தரநிர்ணயம் 5 சதவீதம் ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. பீஸ் ரேட்டில் மலிவாகத் தெரியும் கம்பியைத் தராசில் வைத்தால் மலிவின் காரணம் பல நேரம் தெரிந்துவிடும். ஜல்லியும் எம்-சாண்டும் யூனிட் கணக்கு. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லாரி கொட்டுவதற்கு முன் டேப்பை எடுத்து நீளம், அகலம் பாருங்கள். நடுவில் குவித்து ஓரத்தில் தாழ்த்தியிருப்பார்கள் என்பதால் உயரத்தை நாலைந்து இடத்தில் கம்பி குத்திப் பார்த்துச் சராசரி எடுங்கள். பூச்சு வேலைக்கு பி-சாண்ட் தனியாக வாங்க வேண்டும். சிமெண்டு மூட்டையில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். மொத்தமாக வாங்கி அடுக்காமல் வேலைக்குத் தக்கபடி வாங்குங்கள். அடுக்கும்போது தரையிலும் சுவரிலும் படாமல் பலகை மேல் அடுக்குங்கள்.

லேபர் காண்ட்ராக்டில் தண்ணீர் பிடிப்பது யார் வேலை என்பது பெரிய சண்டை. மேஸ்திரி அது வீட்டுக்காரர் பொறுப்பு என்பார், வீட்டுக்காரர் கூலியில் சேர்ந்தது என்று நினைத்திருப்பார், நடுவில் தூண் காயும். சாதா சிமெண்டு காங்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த பி.பி.சி. வகைக்கும் வெயில் கொளுத்தும் காலத்துக்கும் 10 நாளும் ஈரம் காக்க வேண்டும் என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. கடையில் வீட்டு வேலைக்குப் பெரும்பாலும் கிடைப்பது பி.பி.சி. என்பதால் பத்து நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினால் வேலை எளிது. தூணுக்குச் சாக்கு சுற்றி நனைக்க வேண்டும். அதிகாலையில் ஹோஸ் பிடிக்க உங்கள் வீட்டில் ஆள் இல்லையென்றால், அதற்கு ஓர் ஆள் சம்பளத்தைச் செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

இன்னொரு செலவு எந்தக் கணக்கிலும் வருவதில்லை. மகன் பெங்களூரில் வேலை பார்ப்பார், அப்பா ஊரில் சும்மாதானே இருக்கிறார் என்று லேபர் காண்ட்ராக்ட் பேசிவிடுவார்கள். அறுபத்தெட்டு வயதில், கைப்பிடி இல்லாத படியில் ஏறி, கம்பிகளுக்கு இடையே கால் வைத்து, வெயிலில் லாரிக்காரருடன் யூனிட் கணக்குப் பேசுவது சாதாரண வேலை அல்ல. மிச்சமாகும் லட்சத்தைச் சொல்கிறவர்கள் அந்த மனிதர் படும் பாட்டை எங்கேயும் எழுதுவதில்லை. அப்பாவுக்கு அதில் ஆசையும் உடம்பும் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அந்தப் பணத்தை ஒப்பந்தக்காரருக்கே கொடுத்துவிடுவது மேல்.

முழு காண்ட்ராக்டில் சிக்கல் சதுர அடி என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. எந்தச் சதுர அடி? சுவர் கனமும் சேர்ந்ததா? போர்டிகோ முழுதா, பாதியா? மாடிப்படிக்கு மேல் வரும் ஹெட்ரூம் உண்டா? உதாரணமாக 1,000 சதுர அடி வீட்டுக்கு ஒருவர் 2,400 ரூபாய் சொல்கிறார், எல்லாம் சேர்த்து 24 லட்சம். இன்னொருவர் 2,200 சொல்கிறார். இருநூறு ரூபாய் குறைவு என்று இரண்டாமவருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவீர்கள். அவர் ரேட்டில் தரைத்தொட்டி இல்லை, 1.20 லட்சம். செப்டிக் டேங்க் இல்லை, 80 ஆயிரம். 120 சதுர அடி ஹெட்ரூம் தனி, 2.64 லட்சம். ஆகமொத்தம் 26.64 லட்சம். சுற்றுச்சுவர், மாடித் தட்டோடு, லாஃப்ட், முகப்பு வேலை, கேட் ஆகியவற்றையும் இதே மாதிரி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினால், ஒரே பட்டியலை நீங்கள் எழுதிக் கொடுத்து அதற்கு விலை போடச் சொல்லுங்கள். அவரவர் பட்டியலை ஒப்பிட்டுப் பார்க்க முயன்றால் தலைதான் சுற்றும்.

தரத்தையும் எழுத்தில் வாங்குங்கள். சிமெண்டு, கம்பி, ஒயர், குழாய் எல்லாவற்றுக்கும் கம்பெனி பெயரும் ரகமும் வேண்டும். "அல்லது அதற்கு இணையானது" என்று எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு இரண்டு மூன்று பெயர்களைப் போடச் சொல்லுங்கள். டைல்ஸுக்குச் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை அவர் செலவு என்பது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடையில் நீங்கள் கை வைக்கும் ஒவ்வொரு டைல்ஸும் "அது எக்ஸ்ட்ரா ஆகும் சார்" என்பதில்தான் முடியும்.

முழு காண்ட்ராக்ட் கொடுத்தவர்கள் சைட்டுக்குப் போகாமலே இருக்கலாம் என்று நினைக்கக் கூடாது. போக வேண்டிய நாள்கள் குறைவு, ஆனால் அவை முக்கியமானவை. உங்களுக்குத் தெரியாவிட்டால் ஒரு சிவில் என்ஜினியருக்கு நீங்களே சம்பளம் கொடுத்து அழைத்துப் போங்கள். ஒப்பந்தக்காரரின் என்ஜினியர் ஒப்பந்தக்காரரைச் சோதிப்பார் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. அஸ்திவாரக் கம்பி கட்டி முடித்த அன்றும், தூண் எழுப்பும்போதும், தளத்துக் கம்பி கட்டி காங்கிரீட் போடுவதற்கு முன்பும் அவர் பார்த்தே ஆக வேண்டும். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே கவர் பிளாக் இருக்கிறதா, தூணில் 40 மி.மீ., தளத்தில் 20 மி.மீ. மூடுகனம் கிடைக்குமா என்று பார்ப்பார். தளம் போடும் நாளில் மிக்சர் சத்தமும் வரிசையில் கைமாறும் சட்டிகளும் சேர்ந்து ஒரு திருவிழாவாக இருக்கும். அந்தச் சந்தடியில் தண்ணீர் ஊற்றுகிறவரை மட்டும் யாராவது கவனியுங்கள். ஒன்று, ஒன்றரை, மூன்று என்ற எம்20 கலவைக்கு 50 கிலோ மூட்டைக்குச் சுமார் 30 லிட்டர்தான் கணக்கு. கலவை சுலபமாக ஓட வேண்டும் என்று இன்னொரு வாளி ஊற்றினால் தளத்தின் பலம் அங்கேயே குறைகிறது.

என் முடிவைக் கேட்டால், தினமும் நிற்க ஆள் உள்ள குடும்பத்துக்கு லேபர் காண்ட்ராக்ட். மற்றவர்களுக்கு, அஸ்திவாரத்திலிருந்து பூச்சு வரை சாமானோடு ஒருவரிடம் கொடுத்து, டைல்ஸ், பாத்ரூம் சாமான், லைட், பெயிண்ட் ஆகியவற்றை நாமே வாங்கும் கலப்பு முறை. கட்டுமானத்தில் பலம் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். தளம் விரிசல் விட்டால் சிமெண்டைக் கொத்தனாரும் கொத்தனாரைக் கடைக்காரரும் குறை சொல்லும் நிலை வரக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் பொருள்களில் நம் வீட்டு ஆசைக்கு இடம் வேண்டும். மாமாவின் வாஸ்துவை மட்டும் மனையில் சுண்ணாம்புக் கோடு போடுவதற்குள் முடித்துவிடுங்கள். சுவர் எழும்பிய பிறகு ஜன்னலை அரை அடி நகர்த்தினால் எந்த முறையிலும் அது தனிக் காசு.

எந்த முறையானாலும் பணம் வேலைக்குப் பின்னால் போகட்டும். பேஸ்மெண்ட், லிண்டல், தளம், பூச்சு என்று கட்டம் முடிந்த பிறகு அந்தக் கட்டத்துக்கான தொகை. வங்கியும் வீட்டுக்கடனை இப்படித்தான் கட்டம் கட்டமாகத் தரும். செய்த வேலையைவிட அதிகப் பணம் கைக்குப் போய்விட்டால் "நாளைக்கு ஆளோட வந்துடறேன் சார்" என்கிற நாளை, ஆடியில் தொடங்கித் தீபாவளி தாண்டும். கடைசித் தவணையில் ஒரு பகுதியை, வடகிழக்குப் பருவமழை ஒன்று பெய்து முடியும்வரை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அக்டோபர் முதல் டிசம்பருக்குள் மாடி, சன்ஷேடு, பாத்ரூம் வெளிச்சுவர் மூன்றிலும் எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். அதைச் சரிசெய்ய அவரே வருவார்.