வரப்புள்ள மின்கலம்

நாம் கையாளும் கைப்பேசியின் மின்கலத்தில் எதிர்மின்வாயாக அமைவது பெரும்பாலும் கிராபைட் என்னும் கரிப்பொருளாகும். கணக்கின்படி அதன் ஒரு கிராம் 372 மில்லி ஆம்பியர்-மணி மின்னைத் தாங்கும். லித்திய உலோகமோ 3,860 தாங்கும். எனினும் வெறும் லித்தியம், மின்னேற்றும்போது ஊசிகளாக வளர்ந்து, இடைத்திரையைத் துளைத்துத் தீ விளைக்கக்கூடும். வரப்பில்லா வயலில் நீர் ஒருசீராக நில்லாதது போன்றதே இது.

ஆதலின் அதற்கொரு தாங்குபொருள் வேண்டும். அது நுண்ணறைகள் மிக்கதாயும், லித்தியம் நிறைந்தாலும் நீங்கினாலும் உருக்குலையாததாயும் இருத்தல் வேண்டும். 2016-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர், உட்குடைவான நுண்கரிக் கோளங்களுள் பொன் துகள்களை விதையென இட்டு, லித்தியம் அங்கேயே படியுமாறு செய்தனர். ஆயினும் வரப்பே வயலை விழுங்கலாகாது. தாங்குபொருளின் எடை மிகின் ஆதாயம் குன்றும். ஆகவே, மின்கலம் எவ்வளவு கொள்ளும் என்பதோடு, எத்தனை முறை ஏற்றி இறக்கினும் நிலைக்கும் என்பதையும் நாம் கேட்டறிவோமாக.