கைப்பிடி ஒன்று, எஞ்சின் பல!

ஓசூர் சாலைகளில் ஓடும் இரு சக்கர வண்டிகளைக் கவனித்துப் பாருங்கள். ஒரு பழைய டி.வி.எஸ். 50 மொபெட்டும் ஒரு புதிய மின்சார ஸ்கூட்டரும் சிக்னலில் அருகருகே நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பச்சை விளக்கு எரிந்ததும் இரண்டு ஓட்டுநர்களும் செய்யும் காரியம் ஒன்றே. வலது கைப்பிடியை முறுக்குகிறார்கள், வண்டிகள் புறப்படுகின்றன.

ஆனால் உள்ளே நடப்பது ஒன்றா? இல்லவே இல்லை!

டி.வி.எஸ். 50 மொபெட் 1980ஆம் ஆண்டு ஓசூரிலிருந்து வெளிவந்தது. அதில் கைப்பிடியை முறுக்கினால் ஒரு கேபிள் இழுபடும். அந்தக் கேபிள் கார்புரேட்டரின் வழியைத் திறக்கும். காற்றும் பெட்ரோலும் கூடுதலாக எஞ்சினுக்குள் செல்லும். அதே நிறுவனத்தின் ஐக்யூப் மின்சார ஸ்கூட்டர் 2020 ஜனவரியில் அறிமுகமாயிற்று. அதில் கார்புரேட்டர் ஏது? கைப்பிடி எவ்வளவு திரும்பியது என்பதை ஓர் உணர்கருவி மின்குறிப்பாக மாற்றுகிறது. கட்டுப்பாட்டுக் கருவி அந்தக் குறிப்பைப் படித்து, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது.

நாற்பது ஆண்டுகளில் வண்டியின் உள்ளே ஏறக்குறைய எல்லாமே மாறிவிட்டது. ஆனால் ஓட்டுநரின் கை கற்ற பாடம் மாறவில்லை. காரணம் என்ன? ஓட்டுநர் கார்புரேட்டருடனும் பேசுவதில்லை, மோட்டாருடனும் பேசுவதில்லை. அவர் கைப்பிடியுடன் மட்டுமே பேசுகிறார். 'வேகம் வேண்டும்' என்பதே அவர் சொல்லும் செய்தி. அதை எப்படி நிறைவேற்றுவது என்பது கைப்பிடிக்கு அப்பால் இருப்பவற்றின் பொறுப்பு.

இப்படி நடுவில் நின்று, உள் விவரங்களை மறைத்து, வெளியே ஒரே முகத்தைக் காட்டும் பகுதியைப் பொறியாளர்கள் 'அப்ஸ்ட்ராக்‌ஷன் லேயர்' என்பார்கள். நாம் இதை 'இடையடுக்கு' என்று அழைப்போம்.

திரையை வரைவது யார்?

இன்றைய மின்சார ஸ்கூட்டர்களில் கைப்பிடிகளுக்கு நடுவே ஒரு சிறு திரை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேகம், மின்கலத்தில் எஞ்சியுள்ள மின்சாரம், பொத்தான்கள் எல்லாம் அதில் தெரியும். கைப்பேசியிலும் வங்கியின் கணிப்பொறியிலும் இதே போன்ற திரைகள்தாம். இவற்றைப் படைப்பவை நிரல்கள்.

திரையில் ஒரு பொத்தானை வரைவது எளிதென்று தோன்றும். ஆனால் எண்ணிப் பாருங்கள்: கட்டம் வரைய வேண்டும்; எழுத்தைப் பொருத்த வேண்டும்; விரல் பட்டால் நிறம் மாற வேண்டும்; பார்வையற்றவர் பயன்படுத்தும்போது, திரையைப் படித்துச் சொல்லும் கருவிக்கு 'இது பொத்தான்' என்று தெரிவிக்க வேண்டும். இத்தனையையும் ஒவ்வொருவரும் முதலிலிருந்து எழுதினால் காலம் போதாது. ஆகவே ஆயத்தமான நிரல் தொகுப்புகளைப் பயன்படுத்துகிறார்கள். இவற்றுக்கு 'நூலகம்' என்று பெயர். ஃபேஸ்புக் நிறுவனம் 2013ஆம் ஆண்டு பொதுவில் வெளியிட்ட 'ரியாக்ட்' இவ்வகையில் புகழ்பெற்றது. அதன்மேல் அமைந்த 'மெட்டீரியல்-யூஐ' என்ற நூலகம் பொத்தான், பட்டியல், படிவம் முதலியவற்றை ஆயத்தமாகத் தருகிறது.

நூலகம் இருக்கும்போது இடையடுக்கு எதற்கு? ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

மாங்காய்க் கணக்கு

கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழத்துக்குப் பெயர் போனது. பெங்களூரா, செந்தூரா, நீலம், அல்போன்சா எனப் பல வகைகள் இங்கு விளைகின்றன. மாங்கூழ் தயாரிக்கும் ஆலைகளும் உண்டு. மாங்காய் வாங்கும் நிலையம் ஒன்றுக்காக நீங்கள் ஒரு நிரல் எழுதுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதில் 40 திரைகள். திரைக்கு 5 பொத்தான்கள். மொத்தம் 40 × 5 = 200 பொத்தான்கள். இந்த 200 இடங்களிலும் நூலகத்தின் பொத்தானை நேரடியாக அழைத்திருக்கிறீர்கள்.

பருவம் தொடங்குகிறது. வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. எடை எழுதுபவர் அவசரத்தில் 'எடையைப் பதிவு செய்' என்ற பொத்தானை இரு முறை தொட்டுவிடுகிறார். ஒரு வண்டி மாங்காய் கணக்கில் இரண்டு வண்டியாக ஏறுகிறது. பிறகு பிழையைத் திருத்துகிறேன் என்று இரண்டு பதிவுகளையும் யாரோ அழித்துவிட்டால்? ஒரு விவசாயியின் ஓராண்டு உழைப்பு ஏட்டிலிருந்தே மறைந்துபோகும்!

இதற்குத் தீர்வு என்ன? முதல் முறை தொட்டவுடன், பதிவு முடியும் வரை பொத்தான் உறங்க வேண்டும். அதற்குச் சில வரிகள் போதும். ஆனால் அந்த வரிகளை 200 இடங்களில் சேர்க்க வேண்டும். மூன்று இடங்கள் விடுபட்டால், அந்த மூன்றிலும் அதே பிழை மறுபடி நேரும்.

இப்போது வேறு வழியைப் பார்ப்போம். தொடக்கத்திலேயே 'நம் பொத்தான்' என்று ஓர் உறுப்பை நீங்கள் எழுதிவைத்திருந்தால்? 200 இடங்களும் 'நம் பொத்தா'னையே அழைக்கும். அது மட்டுமே நூலகத்தின் பொத்தானை அழைக்கும். திருத்தம் ஒரே இடத்தில்; பயன் 200 இடங்களிலும்! (கணக்கை வைத்திருக்கும் மையக் கணிப்பொறியும் இரட்டைப் பதிவைத் தனியே தடுக்க வேண்டும். முன்வாசலைப் பூட்டியதால் பெட்டியைத் திறந்து வைக்கலாமா?)

யாருடைய சொல்?

இடையடுக்கை எழுதும்போது கவனிக்க வேண்டிய முக்கியமான செய்தி ஒன்று உண்டு. மெட்டீரியல்-யூஐ நூலகத்தில் நிறம் நிரம்பிய பொத்தானுக்கு 'கன்டெய்ன்ட்' என்றும், விளிம்புக் கோடு மட்டும் உள்ளதற்கு 'அவுட்லைன்ட்' என்றும் பெயர். உங்கள் 200 இடங்களிலும் 'நம் பொத்தான், கன்டெய்ன்ட்' என்று எழுதினால், நூலகத்தின் சொல் உங்கள் நிரல் முழுவதும் பரவிவிடும். அந்த நூலகத்தின் தொடக்கப் பதிப்புகளில் இப்படிப்பட்ட பொத்தானுக்கு வேறு பெயர்தான் இருந்தது. நாளை இன்னொரு பெயர் வரலாம்.

ஆகவே உங்கள் தொழிலின் சொல்லைப் பயன்படுத்துங்கள். பொத்தான் எந்த நிறம் என்று கூறாமல், என்ன பணி செய்கிறது என்று கூறுங்கள்:

நம் பொத்தான் – பணி: முக்கியம் – தொட்டால்: எடையைப் பதி

நம் பொத்தான் – பணி: ஆபத்து – தொட்டால்: பதிவை நீக்கு

'முக்கியம்' என்றால் நிறம் நிரம்பியது, 'ஆபத்து' என்றால் சிவப்பு என்ற அகராதி இடையடுக்குக்குள் மட்டுமே இருக்கும். வண்டியின் கைப்பிடி 'கார்புரேட்டரைத் திற' என்று சொல்லாமல் 'வேகம்' என்று மட்டும் சொல்வது இதே போன்றதுதான்.

நடந்த கதைகள்

இவை வெறும் கற்பனைக் கவலைகள் அல்ல. 2021 செப்டம்பரில் மெட்டீரியல்-யூஐயின் ஐந்தாம் பதிப்பு வந்தது. அதில் தொகுப்பின் பெயரே மாறிவிட்டது. நிறம், அளவு முதலியவற்றை வகுக்கும் உள்முறையும் மாறியது. பழைய பெயரை எழுதிய ஒவ்வொரு கோப்பையும் திருத்த வேண்டியதாயிற்று. நூலகத்தார் தானாகவே பெயரை மாற்றும் கருவிகளையும் தந்தார்கள். ஆயினும் ஒவ்வொரு திரையையும் சரிபார்ப்பது மனிதர் வேலையாகவே இருந்தது. இடையடுக்கு வைத்திருந்தவர்களுக்கோ பெயர் இருந்த கோப்புகள் சில மட்டுமே.

இதைவிடப் பெரிய கதையும் உண்டு. கூகுள் நிறுவனத்தின் 'ஆங்குலர்-ஜேஎஸ்' 2010இல் வெளிவந்தது. 2016இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தபோது, அது முதல் பதிப்போடு பொருந்தாத புதிய படைப்பாக இருந்தது. 2021 டிசம்பர் 31உடன் பழையதற்கான பராமரிப்பு முடிவடைந்தது. அதன் பின் அதில் பாதுகாப்புக் குறை தெரியவந்தாலும் அதை உருவாக்கியவர்கள் திருத்தித் தரமாட்டார்கள்.

இவ்வாறு மாறக்கூடியவற்றை ஒளித்துவைக்கும் கருத்து புதியதன்று. டேவிட் பார்னஸ் என்ற கணிப்பொறி அறிஞர் 1972இல் எழுதிய கட்டுரையில் இதை விளக்கினார். நிரலைப் பகுதிகளாகப் பிரிக்கும்போது, வேலை நடக்கும் வரிசைப்படி பிரிக்காமல், பின்னால் மாறக்கூடிய முடிவுகளை ஒவ்வொரு பகுதிக்குள் மறைத்துப் பிரிக்க வேண்டும் என்பதே அவர் வாதம்.

ரியாக்ட் நூலகமும் இந்த வழியில் நடந்தது. 2015இல் அது இரண்டாகப் பிரிக்கப்பட்டது. திரையில் என்ன இருக்க வேண்டும் என்று கணக்கிடுவது ஒரு பகுதி. அதை வலைப்பக்கத்தில் வரைவது மற்றொரு பகுதி. வரையும் பகுதியை மட்டும் மாற்றினால் அதே முறை கைப்பேசிச் செயலிகளுக்கும் பயன்படுகிறது.

நம் தமிழ்நாட்டிலும் எடுத்துக்காட்டு இருக்கிறது. சென்னையில் 2010இல் தொடங்கப்பட்ட ஃபிரெஷ்வொர்க்ஸ் நிறுவனம் 'கிரேயான்ஸ்' என்ற உறுப்புத் தொகுதியை எவரும் பயன்படுத்தும்படி வெளியிட்டிருக்கிறது. அதிலுள்ள பொத்தான், படிவம் முதலியவை 'வெப் காம்போனன்ட்' எனப்படும் பொது முறையில் அமைந்தவை. ஆகவே நிரலர் ஒருவர் ரியாக்டில் எழுதினாலும் வேறு நூலகத்தில் எழுதினாலும் இவற்றைப் பயன்படுத்தலாம். தோற்றமும் ஒன்றாகவே இருக்கும்.

இடையடுக்கு கசியும்!

அப்படியானால் எல்லாவற்றுக்கும் இடையடுக்கு போட்டுவிடலாமா? கூடாது. அதற்கும் விலை உண்டு.

முதலாவது, எழுதவும் பராமரிக்கவும் உழைப்பு வேண்டும். புதிதாக வேலைக்கு வருபவர் நூலகத்தோடு உங்கள் அடுக்கையும் கற்க வேண்டும். இரண்டே திரைகள் உள்ள நிரலுக்கு இது வீண் சுமை. ஒரே உறுப்பு மூன்றாம் முறையாகத் தேவைப்படும்போது இடையடுக்கைப் பற்றி எண்ணத் தொடங்குவது நல்ல பழக்கம்.

இரண்டாவது, அடுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும். நூலகத்தின் நூறு வசதிகளையும் மறுபடி எழுதினால், நீங்களே இன்னொரு நூலகத்தைப் படைத்தவர் ஆவீர்கள். தேவையான ஐந்தாறு வசதிகள் போதும்.

மூன்றாவது, எந்த அடுக்கும் உள்ளே இருப்பதை முழுமையாக மறைத்துவிட முடியாது. ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற நிரலர் 2002இல் இதைக் 'கசிவு' என்று வருணித்தார். மின்சார ஸ்கூட்டரிலேயே இதைக் காணலாம். நின்றுகொண்டிருக்கும் பெட்ரோல் எஞ்சின் உறுமும். மின் மோட்டாரோ மௌனமாக இருக்கும். வண்டி தயாராக இருக்கிறதா என்பது காதுக்குத் தெரியாது. ஆகவே திரையில் அதற்கென ஓர் அடையாளம் காட்ட வேண்டியிருக்கிறது. கைப்பிடி பழையதுதான்; ஆனால் உள்ளே நிகழ்ந்த மாற்றம் வெளியே எட்டிப் பார்த்துவிட்டது!

அதேபோல், பொத்தானுக்கு இடையடுக்கு வைத்த ஒரே காரணத்தால் ஆங்குலர்-ஜேஎஸ்ஸிலிருந்து ரியாக்டுக்கு ஒரே நாளில் மாறிவிட முடியாது. தகவல் திரைக்கு வரும் வழியே இரண்டிலும் வேறு. இடையடுக்கு மாற்றத்தை இல்லாமல் செய்வதில்லை. அது பரவும் எல்லையைக் குறுக்குகிறது. 200 இடங்களை ஒன்றாக்குவதே பெரிய லாபம் அல்லவா?

நீங்களே செய்து பாருங்கள்

கணிப்பொறி இல்லாமலே இதைச் சோதிக்கலாம். மூன்று பேர் சேருங்கள். முதலாமவர் 'நிரல்', இரண்டாமவர் 'இடையடுக்கு', மூன்றாமவர் 'நூலகம்'. நூலகமானவர் கையில் தாளும் வண்ணப் பென்சில்களும் இருக்கட்டும்.

1. நிரல் 'முக்கியப் பொத்தான், எடையைப் பதி' என்று தமிழில் சொல்ல வேண்டும். நிறத்தையோ அளவையோ சொல்லக் கூடாது.

2. இடையடுக்கு அதைக் கேட்டு, எந்த நிறம், எந்த அளவு, எங்கே என்று நூலகத்திடம் விவரிக்க வேண்டும். நூலகம் வரைய வேண்டும்.

3. பத்துப் பொத்தான்கள் வரைந்தபின் நூலகத்தை மாற்றுங்கள். ஓசூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் தெலுங்கோ கன்னடமோ பேசும் தோழர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவரை அமர்த்தி, அவர் மொழியில் மட்டுமே உத்தரவு பெறச் செய்யுங்கள். இடையடுக்காக இருப்பவருக்கும் அம்மொழி தெரிந்திருக்க வேண்டும்.

4. இப்போது யார் யார் தம் சொற்களை மாற்ற நேர்ந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

5. இறுதியாக, இடையடுக்கை எழுந்து போகச் சொல்லி, நிரலும் புதிய நூலகமும் நேரடியாகப் பேசட்டும். பத்துப் பொத்தான்களுக்கு எத்தனை சொற்களை நிரல் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது? இரண்டு எண்ணிக்கைகளையும் அருகருகே எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.