கல்மரமும் சின்ன வெங்காயமும்

கேள்வி: அஞ்சலட்டை அளவில் வாட்டர்கலர் பழகுகிறேன். எங்கள் பெரம்பலூர் பக்கம் வரைய என்ன இருக்கிறது?

பதில்: அடுப்படியிலேயே இருக்கிறதே, சின்ன வெங்காயம்! ஒன்றை எடுத்து ஜன்னலோரம் வையுங்கள். காய்ந்த மேல்தோல் செம்பு நிறம், அது கிழிந்த இடத்தில் ஊதா, வேர்ப்பக்கம் வெளுப்பு. இதற்கே ஒரு வாரம் போகும்.

வெளியே போவதானால் சாத்தனூர் கல்மரம்: கல்லாகிப்போன அடிமரம், சுமார் 12 கோடி ஆண்டுப் பழசு, 18 மீட்டர் நீளம். முழுசாக வரைந்தால் விழுந்து கிடக்கும் மின்கம்பம் மாதிரிதான் வரும் (எனக்கு வந்தது). ஓர் அடியை மட்டும் எடுத்துக்கொண்டு விரிசல்களை வரையுங்கள். காரை செம்மண் ஓடைகளில் அம்மோனைட் (சுருள் ஓட்டுப் புதைபடிவம்) கண்ணில் பட்டால் வரையலாம், பையில் போடாதீர்கள்.

பறவைக்கு அரியலூர் கரைவெட்டி ஏரி. வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் வரும். தை மாதம், விடியற்காலையில் போங்கள்.