ஹிரோஷிமாவுக்குச் செல்லும் இளம் ஓவியருக்கு

அன்புள்ள தங்கைக்கு,

ஜப்பானுக்குப் போகும் வாய்ப்பு உனக்குக் கிட்டியிருப்பதையும், ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தைக் கண்டு அதைப் பற்றி ஒரு சித்திர வரிசை எழுத வேண்டும் என்று நீ சங்கல்பம் செய்துகொண்டிருப்பதையும் உன் கடிதத்தால் அறிந்தேன். எத்தனை நேரம் ஒதுக்க வேண்டும், எதை எடுத்துச் செல்லலாம், உள்ளே உட்கார்ந்து வரைய விடுவார்களா என்று கேட்டிருக்கிறாய். கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்: விட்டாலும், முதல் முறை வரையாதே.

வரைவது அங்கே அபசாரம் என்று கருதி நான் இதைச் சொல்லவில்லை. அந்த அருங்காட்சியகத்தின் பெருஞ்செல்வங்களில் ஒன்றே சித்திரங்கள்தாம். 1974ஆம் ஆண்டில் முதியவர் ஒருவர், அணுகுண்டு விழுந்த அன்று தம் கண்ணால் கண்டதைத் தம் கையாலேயே வரைந்து, ஹிரோஷிமாவிலுள்ள ஒளிபரப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதை அடுத்து நிலையத்தார் விடுத்த வேண்டுகோளைக் கேட்டு, சித்திரப் பயிற்சி என்பதே அறியாத கிழவர்களும் குடும்பப் பெண்களும் தொழிலாளிகளும், முப்பது வருஷங்களாக மனத்துக்குள் சுமந்திருந்த காட்சிகளை வரைந்து அனுப்ப, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் குவிந்தன. அவற்றில் பலவற்றில் படத்தின் மேலேயே எழுத்தும் இருக்கும். நடந்த இடம், நேரம், கிடந்தவரின் கோலம், தண்ணீர் கேட்ட குரல், கொடுக்க முடியாமல் போனதற்கு இன்றுவரை ஆறாத வருத்தம் எல்லாம் அங்கே இருக்கும். கோடு தன்னால் ஆகாத இடத்தில் சொல்லை அழைத்துக்கொண்டது. கலாசாலையில் தேர்ச்சி பெற்ற உன் கை, அந்தக் கைகளுக்கு முன்னே கொஞ்சம் அடங்கி நிற்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

அன்றைய தினத்தில் நகரத்துக்குள் எடுக்கப்பட்ட புகைப்படங்களையும் நீ பார்ப்பாய். யோஷிதோ மாட்சுஷிகே என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர், 1945 ஆகஸ்டு 6ஆம் தேதி முற்பகலில் மியூக்கி பாலத்தருகே, தோல் உரிந்து நின்ற மக்கள் நடுவே காமிராவோடு நின்றவர். படம் எடுப்பதே அவர் உத்தியோகமாக இருந்தும், பொத்தானை அழுத்த மனம் வராமல் நெடுநேரம் தயங்கினார். அன்று முழுவதும் அவர் எடுத்தவற்றுள் நமக்குக் கிடைத்தவை ஐந்தே படங்கள். அவற்றின் முன்னால் நிற்கும்போது அந்தத் தயக்கத்தையும் சேர்த்துப் பார்.

இனி, பிரயாண ஏற்பாடு. காலையில் மியாஜிமா தீவு, மத்தியானம் அருங்காட்சியகம், சாயங்காலம் ரயில் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் அடைத்துக்கொள்ளும் யாத்திரிகர் அநேகர். நீ அப்படிச் செய்யாதே. இதற்கென ஒரு முழு நாளை விட்டுவை. திறந்தவுடனே போய்விடுவது நல்லது. பிற்பாடு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூட்டம் வந்து சேரும். அந்தப் பிள்ளைகள்தாம் அங்கே முதல் உரிமை உடையவர்கள்; அவர்கள் கண்ணாடிக்கு அருகே வந்தால் நீ விலகி இடம் கொடு. ஆகஸ்டு 6 அன்று போனால் விசேஷம் என்று யாராவது யோசனை சொல்லலாம். அது அவ்வூரார் தங்கள் வீட்டு இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தும் நாள். முதல் அறிமுகத்துக்கு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

உள்ளே போவதற்கு முன், சுற்றியுள்ள பூங்காவில் ஒரு மணி நேரமாவது நட. கென்ஸோ டாங்கே அமைத்த அந்த விசாலமான புல்வெளியையும் மரங்களையும் பார்க்கிறவன், ஆதியிலிருந்தே அது வெற்றிடமாக இருந்தது போல எண்ணிவிடக்கூடும். அங்கே இருந்தது நகாஜிமா என்னும் நெருக்கமான குடியிருப்பு. கடைகளும் கோயில்களும் வீடுகளும் நிறைந்த தெருக்கள். காலை எட்டேகால் மணிக்கு, ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் வெடித்த ஒரு குண்டு அவற்றை இல்லாமல் செய்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நகரத்தில் சுமார் 1,40,000 பேர் மாண்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். உன் காலின் கீழே உள்ளது ஒரு தெரு என்ற பிரக்ஞையோடு உள்ளே நுழைவாயானால், பிறகு அங்கே காணும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வீடு இருந்தது என்பது தானே விளங்கும்.

பொருள்கள் என்றேன். பிரதான மண்டபத்தில் வெளிச்சம் குறைவாகவே இருக்கும். எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்ற ஆத்திரத்தை விட்டுவிட்டு, ஒன்றிரண்டின் முன் நில். அங்கே ஒரு பள்ளிக்கூடச் சிறுவனின் சாப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. விமானத் தாக்குதலில் தீ பரவாமல் தடுப்பதற்காக வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கும் வேலைக்கு அரசாங்கம் பள்ளி மாணவர்களைத் திரட்டியிருந்த காலம் அது. அந்த வேலைக்குப் போன பிள்ளைகளுள் ஒருவன் அவன். மத்தியானத்துக்கென்று வீட்டிலிருந்து எடுத்துப் போன அன்னம், உண்ணப்படாமலே கரிக்கட்டியாகிப் பெட்டிக்குள் இருக்கிறது; தேடி அலைந்த தாய், மகனின் உடலோடு அதைக் கண்டெடுத்தாள். வாழை இலையிலோ தூக்குவாளியிலோ பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பிய எந்த வீட்டாருக்கும் அதை வேறொருவர் விளக்க வேண்டியதில்லை. பெட்டியின் விளிம்பு நெளிந்திருக்கும் விதத்தை உன் கண் உடனே கோடுகளாக மாற்றப் பார்க்கும்; அது கலைஞரின் சுபாவம், குற்றமில்லை. ஆனாலும் அப்போது குறிப்புச் சீட்டின் பக்கம் திரும்பு. அதில் அந்தப் பையனின் பெயரும் வயதும் இருக்கின்றன. முதலில் அவற்றை மனத்தில் வாங்கிக்கொள்.

இந்த இடத்தில் அருங்காட்சியகத்தாரே எடுத்த ஒரு முடிவை நீ யோசித்துப் பார்க்க வேண்டும். எரிந்த ஆடையோடு இடிபாடுகளுக்கிடையே நடந்து வருவது போன்ற மனித உருவங்களை அங்கே நெடுங்காலம் வைத்திருந்தார்கள். பார்த்தவர் எவரும் மறக்கமாட்டார்கள். 2017இல் அவற்றை எடுத்துவிட்டார்கள். பயங்கரத்தைக் குழந்தைகளுக்கு உணர்த்த அவை வேண்டும் என்று வாதாடியவர்களும் உண்டு. பாவனை செய்த உருவத்தை அகற்றி, இறந்தவர் உண்மையாகவே உடுத்திய சட்டைக்கு இடம் தந்தது சரியான முடிவு என்பது என் அபிப்பிராயம். உருவம் செய்வதையே தொழிலாகக் கொண்ட நமக்கு அது கசப்பான பாடமாக இருந்தாலும் ஏற்கத்தக்கது. அதே சட்டைகளை 2007 முதல் புகைப்படம் எடுத்துவரும் இஷியூச்சி மியாக்கோவின் படங்களைப் புறப்படுவதற்கு முன் தேடிப் பார். அவர் அவற்றை நல்ல வெளிச்சத்தில், வண்ணத்தில், ஓர் இளம்பெண் ஆசையோடு தைத்து உடுத்திய உடையாகவே நமக்குக் காட்டுகிறார்.

இரக்கம் ஒரு சாராரோடு நின்றுவிடலாகாது. ஹிரோஷிமா ராணுவ நகரமாகவும் இருந்தது. உஜினா துறைமுகத்திலிருந்து ஆசியாவெங்கும் போர் செய்யப் படைகள் கப்பலேறின. ஹிரோஷிமாவில் மாண்டவர்களுள் ஜப்பானிய ஆட்சியின் கீழ் இருந்த கொரியர்களும் பெருந்தொகையாக இருந்தனர். அவர்களுக்காக 1970இல் எழுப்பிய நினைவுச் சின்னம் 1999இல்தான் பூங்காவுக்குள் இடம் பெற்றது. அதற்கும் சென்று வணங்கு. அணுகுண்டைப் பற்றிப் பதினைந்து பெரும் சித்திரங்கள் எழுதிய மாருக்கி தம்பதியர், கொரியர்களின் சாவையும் அங்கே மடிந்த அமெரிக்கக் கைதிகளின் சாவையும் தனித்தனிச் சித்திரங்களாக எழுதியது, தம் துக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு ஓயாத பெரிய நெஞ்சின் அடையாளம்.

நீ எழுத நினைக்கும் சித்திர வரிசையை விட்டுவிடு என்று நான் சொல்லவே மாட்டேன். எப்படி எழுதுவது என்பதற்கு அவ்வூரிலேயே வழிகாட்டி இருக்கிறது. மோட்டோமாச்சி உயர்நிலைப் பள்ளியில் கலை பயிலும் மாணவர்கள், 2007 முதல், உயிர் தப்பியவர் ஒருவரோடு சேர்ந்து உட்கார்ந்து, அவர் கண்டதைப் பலமுறை கேட்டுக் கேட்டு எண்ணெய் வண்ணத்தில் தீட்டுகிறார்கள். ஒரு படம் முடிய மாதக்கணக்கில் ஆகும். மாணவி வரைந்து காட்டுவாள். வானத்தின் நிறம் அப்படி இல்லை, அந்தப் பெண்ணின் கை அப்படி இல்லை என்று பெரியவர் திருத்துவார். அவள் அழித்து மறுபடியும் எழுதுவாள். அப்படி இல்லை என்று சொல்லும் உரிமையுடைய ஒருவர் அருகில் இருக்கும்போதுதான் பிறர் துயரத்தை எழுதும் அதிகாரம் கலைஞருக்குக் கிடைக்கிறது என்று நான் நம்புகிறேன்.

உயிர் தப்பியவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் எண்பதைக் கடந்தவர்கள். அவர்களுடைய அநுபவத்தை அவர்களிடமே கேட்டுப் பயின்று எடுத்துச் சொல்வதற்கென்று நகரத்தார் சிலரைத் தயார் செய்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பேசுவோரும் உளர். விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்னே அருங்காட்சியகத்துக்கு எழுதி, அப்படி ஒருவர் பேசும் நாள் எது என்று விசாரித்து, அதற்குத் தக்கபடி உன் தேதியை அமைத்துக்கொள்.

அன்புடன்,
உன் அண்ணன்