பசையின் ஆயுள்

உடைந்த பொருளை ஒட்டப் பசையைத் தேடுகிறோம். அலமாரியின் மூலையில் பழைய குப்பி ஒன்று கிடைக்கிறது. அதன்மேல் அச்சிட்டுள்ள நாளோ என்றோ கடந்துவிட்டது. அதைப் பயன்படுத்தலாமா, எறிந்துவிடலாமா? இதற்கு விடை காண வேண்டுமாயின், குப்பியினுள் பசைக்கு நேர்வது யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பசைகள் யாவும் ஒரே வகையில் கெடுவதில்லை. மாவில் காய்ச்சிய பசை இரண்டொரு நாளில் புளித்து நாறும். அதனாலன்றோ புத்தகம் கட்டுவோர் அதில் சிறிது மயில்துத்தம் கலந்தனர்! தச்சர் கையாண்ட வச்சிரம், விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கப்படுவது. உலர்ந்த கட்டியாக உள்ளவரை அது பல ஆண்டுகள் கெடாது. நீரில் ஊறவைத்து உருக்கிய பின்னரோ சில நாள்களே தாங்கும்.

நொடியில் ஒட்டும் பசையின் கதை வேறு. சயனோ அக்ரிலேட் எனப்படும் இதனை, 1942ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியலறிஞர் ஹாரி கூவர் ஆராய்ந்தார். தொட்டவற்றிலெல்லாம் ஒட்டிக்கொண்டமையால் வேண்டாவென ஒதுக்கினார். 1951ஆம் ஆண்டில்தான் அதன் அருமை புலனாயிற்று. இதனை இறுகச் செய்வது ஈரமே. ஈரம் பட்டதும் இதன் சிறு மூலக்கூறுகள் கைகோத்து நீண்ட சங்கிலிகள் ஆகின்றன. மூடியைத் திறக்குந்தோறும் காற்றிலுள்ள ஈரம் உள்ளே புகுகிறது. பசை மெல்ல மெல்லத் தேன்போல் தடித்து, முடிவில் கல்லாகிறது. திறவாத குப்பியைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் நெடுநாள் இருக்கும். ஆனால், வெளியே எடுத்தவுடன் திறத்தல் ஆகாது. குளிர்ந்த குப்பியில் காற்றின் ஈரம் நீராகப் படியுமாதலின், அதன் குளிர்ச்சி நீங்கும்வரை காத்திருத்தல் வேண்டும்.

கண்ணை மட்டும் நம்புதலும் தவறாகும். இரு குழாய்களில் வரும் எப்பாக்சிப் பசையின் பிசின், குளிர்ந்த இடத்தில் சில வேளை சர்க்கரைபோல் உறைந்துவிடும். கெட்டுவிட்டதென்று பலர் அதனை எறிந்துவிடுவர், பாவம்! மூடியபடியே வெந்நீரில் சிறிது நேரம் வைத்தால் அது தெளிந்து பழைய நிலையை எய்தும். பார்வைக்கு நன்றாயிருக்கும் பழம்பசை, ஒட்டியபின் வலுவின்றிப் பிரிந்துவிடுதலும் உண்டு.

குறித்த நாள் என்பது, சொன்னவாறு பாதுகாத்தால் அதுவரை பசையின் வலிமை குன்றாது எனச் செய்தவர் தரும் உறுதியே. வெயிலில் கிடந்த குப்பி அதற்கு முன்னரும் கெடலாம். நாள் கடந்த மரப்பசையாயின், இரண்டு மரத்துண்டுகளை அதனால் ஒட்டி, ஒரு நாள் உலரவிட்டுப் பிளந்து பார்க்கலாம். ஒட்டு விடாமல் மரமே பிய்ந்து வருமாயின், பொம்மைக்கும் படச்சட்டத்திற்கும் அப்பசை போதும். ஏணிப் படிக்கும் முதியவரின் ஊன்றுகோலுக்கும் அச்சோதனையை நம்புதல் ஆகாது; அவற்றிற்குப் புதுப்பசையே வேண்டும்.

வானூர்தியின் உறுப்புகளை ஒட்டுதற்குத் தாள்போன்ற எப்பாக்சிப் பசை ஒன்று உண்டு. அதனைச் சுழியத்திற்குக் கீழே 18 பாகைக் குளிரில் வைத்திருப்பர். வெளியே எடுக்குந்தோறும் அது வெளியிலிருந்த நேரத்தைக் குறித்துக் கூட்டி வருவர். அக்கணக்கு வரம்பைக் கடந்ததாயின், பார்வைக்கு எத்துணை நன்றாகத் தோன்றினும், மறுசோதனையின்றி அதனை வானூர்தியில் இடார்.