படத்தில் உப்பு தெரியாது

2008 மே 2-ஆம் தேதி நர்கிஸ் புயல் மியான்மரின் ஐராவதி கழிமுகத்தில் கரையேறியது. அந்த நாட்டின் நெற்களஞ்சியம் அது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 1,30,000-க்கு மேல்.

டெர்ரா செயற்கைக்கோள் ஏப்ரல் 15-லும் மே 5-லும் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் படத்தில் ஆறும் கரையும் கோடு போட்ட மாதிரி தெளிவா இருக்கு. அடுத்ததில் எது ஆறு, எது வயல், எது கடல்னே பிரிக்க முடியலை.

ஆனா அந்தக் கருவியின் மிகச் சிறிய புள்ளியே 250 மீட்டருக்கு 250 மீட்டர். ஏறக்குறைய 15 ஏக்கர். எந்தப் பகுதிக்கு முதலில் ஓடணும்னு முடிவு பண்ண அது போதும். என் வயல் தப்பிச்சுதான்னு கேட்டா அதுகிட்ட பதில் இல்லை.

இன்னொன்று, தண்ணி வடிஞ்சதும் படத்தில் வயல் பழைய நிறத்துக்கு வந்துடும். கடல்நீர் விட்டுப்போன உப்பு மண்ணுக்குள்ளேயே கிடக்கும். ஊறிய மண்ணின் சாற்றில் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே நெல் விளைச்சல் குறைய ஆரம்பிக்கும். அதனால மேல்மண்ணோடு நிறுத்தாம, ஒரு சாண், இரண்டு சாண் ஆழத்திலும் மண் எடுத்துப் பரிசோதிக்கணும். குளத்து நீரையும்தான், கழிமுகத்தில் குடிநீர்க் குளங்களும் உப்பாகிப்போச்சு.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் நம்மாழ்வார் ஐயா வழிகாட்டி, உப்பேறிய நிலங்களை இயற்கை முறையில் மீட்டது நமக்குத் தெரியும். தக்கைப்பூண்டு விதைச்சுப் பூக்கிற பருவத்தில் மடக்கி உழலாம். அதுக்கு முன்னாடி மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைச்சு, வெளியேத்தணும். வடிகால் இல்லாம தண்ணி மட்டும் கட்டினா உப்பு எங்கே போகும்? முதல்ல வடிகாலை வெட்டுங்க.