மாநாட்டு விருந்தினருக்கு ரயில் செலவைக் குறைக்க…

சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கோயில்களில் சமய மாநாடு, குடமுழுக்கு என்று வெளியூரிலிருந்து கூட்டமாக வருகிறார்களா? ஏற்பாட்டாளர்களுக்குச் சில குறிப்புகள்:

• எம்ஆர்டி கட்டணம் பொதுப் போக்குவரத்து மன்றத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. நிலையத்தில் பேரம் பேசிப் பயனில்லை. வார நாள்களில் காலை 7.45க்கு முன் அட்டையைத் தட்டினால் 50 காசு வரை குறையும்.

• உள்ளூர் முதியவர்கள் (60 வயதும் அதற்கு மேலும்) சலுகை அட்டையையே தட்டட்டும். வங்கி அட்டைக்குச் சலுகை கிடையாது. ஆளுக்கொரு அட்டை கட்டாயம்.

• சுற்றுப்பயணி அட்டை நாள் முழுக்கச் சுற்றுவோருக்கே லாபம். தங்குமிடத்திலிருந்து ஃபேரர் பார்க்கில் இறங்கி, பெருமாள் கோயிலுக்கு வந்து திரும்புவோருக்குத் தனிப்பயணக் கட்டணமே மலிவு.

• ஜோகூர் பாருவிலிருந்து உட்லண்ட்ஸ் வர ரயிலில் ஐந்தே நிமிடம். கட்டணம் 5 ரிங்கிட். திரும்பிச் செல்ல 5 வெள்ளி. இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கடப்பிதழ் விவரங்களை முன்பே திரட்டி இருவழிக்கும் பதியுங்கள்.

• பேரம் பேச வேண்டிய இடம் வாடகைப் பேருந்தும் தங்கும் விடுதியும்தான். ஆள் எண்ணிக்கை, தேதி, நேரம் குறித்துச் உங்கள் சங்கக் கடிதத்தாளில் எழுதி, மூன்று இடங்களிலாவது விலை கேளுங்கள்.

மிச்சமாகும் ஒவ்வொரு வெள்ளியும் அன்னதானத்துக்கு உதவும். இன்றே பட்டியல் போடுங்கள்.